வலது கீழ்ப் பெட்டி

ஜனவரியில் காயல் உறைந்ததும்
எங்கள் தளத்துக்குக் கூட்டம் வந்துவிடும்.
கின்தாய்க் கரையில் பனி எத்தனை சென்டிமீட்டர்,
வென்த்தே முனையில் எத்தனை என்று
வைடோதாஸ் விடியுமுன் துரப்பணத்தோடு போய்
அளந்துவந்து எழுதுவான்.
நான் கணக்கு.

பக்கத்துக்கு ஐந்து விளம்பரப் பெட்டி.
நூற்றில் அறுபத்திரண்டு
கேட்பாரில்லாமல் வெள்ளையாகவே திரும்பின.
பனிமேல் விழுந்த பனிபோல
இருப்பதே தெரியாத வெள்ளை.
செர்வர்க்காரன் மட்டும்
அந்த வெள்ளைக்கும் சேர்த்தே பில் போட்டான்.

முதலில் அடிவிலையை இறக்கினேன்.
ஆயிரம் பார்வைக்கு நாற்பது சென்ட் இருந்ததை
சந்தை கலையும் நேரத்துக் கீரைபோலப்
பதினொன்றுக்குக் கொடுத்தேன்.
வந்தார்கள்.
வழுக்கைக்கு மருந்து விற்பவர்,
ஜாமீன் கேட்காத கடன்காரர்,
பிறகு
‘உங்கள் ஊரிலேயே தனிமையில் வாடும் பெண்கள்.’
யூர்கைத்தியேனே அம்மாள் அன்றே போன் செய்தாள்:
எங்கள் தெருவில் மொத்தம் பதினாலு பெண்கள்.
வாடுவது யார், பேரைச் சொல்.

அப்புறம் தரகர்களை வரிசையில் நிறுத்தினேன்.
ஒருவர் வேண்டாமென்றால் அடுத்தவர்,
அவரும் கைவிரித்தால் மூன்றாமவர்.
ஏழு வாசல் ஏறி இறங்காமல்
ஒரு பெட்டியும் சும்மா திரும்பக் கூடாது.
வாசலுக்குக் கால் நொடி,
என் மேசையிலிருந்து பார்த்தால்.
காயல் நடுவே, ஒற்றைக் கோடு சிக்னலில்,
கையுறையைப் பல்லால் கழற்றிப் பார்ப்பவனுக்கு
பதினொரு நொடி.

நிரம்பியது தொண்ணூற்று மூன்று சதம் என்று
நான் பச்சை மையில் எழுதிய செவ்வாய்க்கிழமை
எய்திமான்தாஸ் என்றொருவர்
பக்கம் திறக்கக் காத்திருந்து, பொறுமை போய்,
போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்திருக்கிறார்.
சிவப்பு எச்சரிக்கை
கடன்காரருக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

இடுப்பளவு.
பக்கத்துத் துளையில் தூண்டில் போட்டவர்கள்
சறுக்குவண்டியை நீட்டி இழுத்துவிட்டார்கள்.
போன் மட்டும் போயிற்று.
அவர் திட்டவில்லை.
மனைவியின் போனிலிருந்து அழைத்து
‘கொஞ்சம் மெதுவாகத் திறக்கிறது, பாருங்கள்’ என்றார்.

ஐந்து தரகர்களை அன்றிரவே அறுத்தேன்.
எச்சரிக்கை முதலில்; மற்றதெல்லாம் பிறகு.
விடியலில், நாலிலிருந்து ஆறு மணிக்குள்,
ஊரே கண்விழித்துப் பார்க்கும் வேளையில்
அடிவிலை அறுபது. அதற்குக் கீழே கேட்பவன் போகலாம்.
மிச்ச வெள்ளையை
ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ருஸ்னேயில் துரப்பண அலகு தீட்டுபவர் ஒன்று எடுத்தார்.
புகைமீன் விற்கும் புருதென்சியா
கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
யாரும் வாங்காத இடத்தை நான் எதற்கு வாங்க?
யாரும் வாங்காத மீனை நீ என்ன செய்வாய்?
புகை போடுவேன், என்றாள்.
சொன்ன பிறகுதான் சிரித்தாள்.
மாதம் பதினைந்து யூரோ,
மேலே ஒரு கட்டு ஸ்டிண்டா மீன்.
திரும்பும் பஸ் முழுக்க வெள்ளரிக்காய் வாசனை.

பிப்ரவரிக் கணக்கு: முந்நூற்றுப் பன்னிரண்டு.
டிசம்பரைவிட இரண்டரை மடங்கு.
நிரம்பியது என்னவோ எழுபத்தொன்றுதான்.
நீல மையில் எழுதினேன்.

மார்ச்சில் பனி உடைந்தது.
‘பனி இல்லை’ என்று எழுதிவிட்டு
வைடோதாஸ் படகுக்குத் தார் பூசப் போனான்.
இரவு ஒன்றரைக்குத் தூக்கம் வராமல்
என் தளத்தை நானே திறந்தேன்,
ஒரே ஆள்.
வலது கீழ்ப் பெட்டி ஒரு கணம் வெள்ளையாக நின்றது.
அந்தக் கணத்துக்குள்
எங்கோ ஓர் ஏலக் கூடத்தில்
என் வயது, என் ஊர், நான் கடைசியாகத் தேடிய மெத்தை
எல்லாவற்றையும் வைத்து
யாரோ இரண்டு பேர் எனக்காகப் போட்டியிட்டு
விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மெத்தைக்காரன் ஜெயித்தான்.
எவ்வளவுக்கு என்று காலையில் பார்க்க வேண்டும்.